ராகுகாலத்தில் வந்த தையல் மெஷின்

டக், டக், ஒரு சின்ன மூச்சு, மறுபடி டக். இத்தாலியில், பலெர்மோ நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கப் போன முதல் நாள் என் காதில் விழுந்தது முத்திரை குத்தும் சத்தம்தான். அங்கே மொழிபெயர்க்கத் தேவையில்லாதது அது ஒன்றே. அடுத்தவர் துக்கத்தை 'நான்' என்று சொல்லிப் பிழைக்கும் தொழில் இது. இதைச் செய்பவர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போதுதான் சொந்தக் குரல் திரும்பும்.

திறக்காத பெட்டி

புஷ்பம் வன்னியிலிருந்து வந்தவள். ஆறு வருடம் வீடுகள் துடைத்து முழங்கால் போய்விட்டது. இனித் தைத்துத்தான் பிழைப்பு என்று ஜேர்மனியில் உள்ள ஒரு கம்பனியிடம் தையல் மெஷின் எடுப்பித்தாள். அது கழுத்து முறிந்து வந்தது. வேறு அனுப்ப மாட்டோம் என்றது கம்பனி. கொண்டுவந்தவர் முன்னாலேயே திறந்து பார்த்திருக்க வேண்டுமாம்; இவளோ ஒழுங்காகக் கிடைத்ததென்று கையெழுத்து வைத்திருந்தாள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வந்தது, அன்ரி. ராகுகாலத்திலை ஆரும் தொழில் சாமானைத் திறப்பினமே? கொண்டந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டன்."

நான் எழுதிய காரணம்

வெளிநாட்டுக் கம்பனியானாலும் சின்ன வழக்கை இங்கேயே போடலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'வீட்டு வேலை காரணமாகத் திறக்கத் தாமதம்' என்று நாகரிகமாக எழுதினேன். நீதிபதி சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். புஷ்பம் வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்லி வெண்டு எடுக்கிற மெஷினிலை எனக்குத் தைக்க மனம் வராது. உள்ளதை எழுதுங்கோ."

வக்கீலின் சிரிப்பு

விசாரணையன்று ராகுகாலக் காரணத்தை வாசித்தபோது நீதிபதி சிரிக்கவில்லை, கம்பனியின் வக்கீல் சிரித்தார். பலெர்மோக்காரர்தான். "ஒன்றரை மணி நேரம் கெட்ட நேரமா, சின்யோரா?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். புஷ்பம் போனை எடுத்து நீட்டினாள். முறிந்த மெஷினின் படம்; எடுத்த நேரம் நாலு முப்பத்தொன்று. ராகுகாலம் முடிந்து ஒரு நிமிடம்.

நீதிபதி என் வயதுப் பெண்மணி. படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வக்கீலைக் கேட்டார்:

"உங்கள் மகளின் கல்யாணத்தை எந்த வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறீர்கள், வக்கீல் ஐயா?"

வெள்ளி கெட்ட நாள் என்று அன்று கல்யாணம் வைக்கப் பயப்படுகிற ஊர் இது. வென்று வாங்கிய புது மெஷினில் புஷ்பம் இப்போது பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஊர் முழுவதற்கும் தைக்கிறாள். மூன்று மாதமாகியும் என் பிளவுஸ் மட்டும் இன்னும் வரவில்லை.