முகம் இல்லாத வாழ்த்து அட்டை

நான் எடுத்த படத்தைக் கும்பகோணத்தில் பிரிண்ட் போட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே என் கையெழுத்திலேயே ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ என்று எழுதி, வலங்கைமான் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் விற்கக் கொடுப்பேன். பள்ளியில் கணக்கு டீச்சர். மார்கழி வந்தால் வாழ்த்து அட்டை வியாபாரி. “வாட்ஸ்அப் காலத்துல இதை எவன் வாங்குவான்?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வாங்கினார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த வருடம் நன்றாக விற்றது ஒரே படம்தான். மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலை, சம்பா வயல் வரப்பில், தோளில் மண்வெட்டியோடு முதுகு தெரிய ஒருவர் நிற்கிறார். தலையில் சிவப்புத் துண்டு முண்டாசு. எங்கள் பக்கத்துத் தெருக்காரர். கிளிக் சத்தம் கேட்டுத் திரும்பி, “என்னையா எடுக்குறீங்க டீச்சர்?” என்று சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. அதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அட்டைக்கு முதுகுதான் அழகு என்று தோன்றியது. சிரித்த படத்தை அழித்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

மார்கழி பிறந்த வாரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் விசாரிக்கப் போனேன். திரும்பும் வழியில், கடையிலிருக்கும் அட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முகமா தெரிகிறது, முதுகுதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் மகள் கண்டுபிடித்தாள். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அட்டையும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எங்க வீட்டுல இந்த வருஷம் பொங்கல் கிடையாது டீச்சர்.”

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பொங்கல் பானை ஏறாது. அந்த வீட்டு மனிதரையே வைத்து நான் ஊருக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் கேட்டது வேறு. “அப்பா மூஞ்சி தெரியிற மாதிரி வேற ஏதாச்சும் எடுத்தீங்களா? ஆதார் படம் அப்பா மாதிரியே இல்ல. பல்லு போனதுலேருந்து போன்ல எடுத்தா வாயை மறைச்சுக்குவாரு. சிரிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னு அம்மா அழுவுறாங்க.”

“இது ஒண்ணுதான்மா எடுத்தேன்” என்றேன்.

மெமரி கார்டைத் தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்து மீட்கப் பார்த்தேன். என்றோ அழித்த கல்யாணப் பந்திப் படங்களெல்லாம் வந்தன. அவர் வரவில்லை. ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்தால் போதும், எந்த வரப்பானாலும் அவர் திரும்பிப் பார்க்கிறார். பயமாகத்தான் இருக்கிறது.

வருடத் திவசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். சுவரில் என் அட்டை. கீழே நான் எழுதிய வாழ்த்தை வெட்டி எடுத்துவிட்டு ஃபிரேம் போட்டு மாலை சாற்றியிருந்தார்கள். முண்டாசின் பின்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும்.

“நெத்தி தெரியலையே டீச்சர், பொட்டை எங்க வைக்கிறது? அதான் முண்டாசுல வெச்சேன்” என்றார் அவர் மனைவி. பிறகு, “அன்னைக்கு உங்ககிட்ட பேசினாரா?” என்று கேட்டார்.

“பேசினாருங்க. சிரிச்சாரு.”

“வாயை மறைச்சுக்கிட்டா?”

“இல்லைங்க. மறைக்கல.”

அழித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த அம்மா மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.