ஸ்கேட்ஸ் கடையில் நான் நடுங்கிய நாட்கள்

ஐஸ் ஹொக்கி ஸ்கேட்ஸ் விற்கிறவர்களுக்கு முதல் விதி, வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவை நம்பக்கூடாது, காலைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது. முன்பின் தெரியாத ஆம்பிளைகளின் காலைப் பிடிக்கிற வேலை காத்திருக்கிறது என்று யாராவது யாழ்ப்பாணத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் என் கணவர் ஆராய்ச்சி மாணவராக ஆஸ்திரேலியாவுக்கு, மெல்பேர்ன் நகரின் புறநகரான கிளேட்டனுக்கு வந்தார். பின்னால் நானும் வந்தேன். பகல் முழுக்க வாடகை வீட்டில் தனியே இருக்க முடியாமல் வேலை தேடியபோது, மெல்பேர்னில், சறுக்கி ஆடுகிற ஐஸ் திடலான ஒரு றிங்கோடு ஒட்டியிருந்த ஸ்கேட்ஸ் கடையில் இடம் கிடைத்தது. முதலாளி கரேல் பிராக்கிலிருந்து வந்து குடியேறியவர். ஒரு காலத்தில் ஹொக்கி ஆடியவர் என்பதற்குச் சாட்சியாக முன்பல் மூன்று இல்லை. அவரும் நானும்தான் கடை. இன்றைக்கு யார் வந்து கத்தப்போகிறார்களோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்ற சகபாடிகளே, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த பேச்சை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

முதல் கால்

கரேல் எனக்கு நடத்தியது பத்து நிமிடப் பாடம். ஹொக்கி ஸ்கேட்ஸ் தெருவில் போடும் சப்பாத்தைவிட ஒரு அளவு, சிலருக்கு ஒன்றரை அளவு சின்னதாக இருக்க வேண்டும். நேராக நின்றால் பெருவிரல் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடித்தால் குதிக்கால் பின்னுக்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். லேஸ் கட்டிய பிறகு குதிக்கால் மேலே எழும்பவே கூடாது. பாடம் முடிந்ததும் அவர் உள்ளறைக்குப் போய், ஸ்கேட்ஸின் அடியில் இருக்கும் கத்தியைத் தீட்டுகிற மெஷினைப் போட்டார். அது கிரீச்சென்று கத்திக்கொண்டு நெருப்புப் பொறி கக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் நிலத்தில் குந்தி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, சின்ன அளவு ஸ்கேட்ஸை அவருடைய காலில் ஏற்றினேன். ஏறவில்லை. கரேல் சொன்னபடி குதியில் கையால் அடித்து, லேஸை முழுப் பலத்தோடு இழுத்தேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். அவர் "ஆ!" என்று அலறினார். விரலை முறித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணால் தண்ணீர் கொட்டியது. லேஸை அவிழ்க்கவும் தெரியவில்லை, விட்டுவிட்டு ஓடவும் தெரியவில்லை. அவரே குனிந்து அவிழ்த்து, காலை வெளியே எடுத்து, ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டினார். மடிப்பு விழாத புதுத் தோல் மடிந்த சத்தம்தான் அது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, கால் என்ர. நீ ஏன் அழுறாய்?"

வளர்கிற கால்

கடைக்கு வந்த முதல் தமிழர் ஒரு டாக்டர். மதுரைக்காரர், மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. பதினொரு வயது மகள் கல்பனாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கு வெள்ளை நிற நடன ஸ்கேட்ஸ் வேண்டாமாம், கறுப்பு ஹொக்கி ஸ்கேட்ஸ்தான் வேண்டுமாம். நான் அளந்து எடுத்து வைத்த சோடியை டாக்டர் ஒதுக்கிவிட்டு, இரண்டு அளவு பெரியதைக் கேட்டார். போட்டுப் பார்த்தேன். அவளுடைய குதிக்காலுக்குப் பின்னால் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. "டொக்டர், இது கொஞ்சம் பெரிசு போல கிடக்கு" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "வளர்ற பொண்ணும்மா. இன்னொரு சாக்ஸ் போட்டா சரியாயிடும்" என்றார் அவர். டாக்டர்மாரோடு எதிர்த்துக் கதைக்கிற வீட்டில் நான் வளரவில்லை. கல்பனா என் காதருகில் குனிந்து, "உள்ளுக்குள்ள கால் ஆடுது, ஆன்ட்டி" என்றாள். நான் முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டேன், அவ்வளவுதான் செய்தேன்.

கடைக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது சுற்றில் அவளுடைய கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது. விழுந்தாள். பின்னால் வேகமாக வந்தவர் தன்னை மறித்து நிறுத்தியபோது, அவருடைய கத்தி அவளுடைய விரிந்த கைவிரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் அலறியது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. கரேல் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் வீங்கிய கணுக்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த ஆறு நாளும் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளறைக்குள் புகுந்துகொண்டேன். பொலிஸ் வரும், கணவரின் படிப்பு போகும், எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. ஏழாம் நாள் டாக்டர் ஸ்கேட்ஸ் பெட்டியோடு வந்து நின்றார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார். நான் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தப்பு என் மேலதான். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமேம்மா."

பின்பக்கத்துத் தோல்

அதற்குப் பிறகு சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். முதலில் மாட்டியவர் பிரையன் என்ற எலக்ட்ரீஷியன். இரண்டு சோடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்று மெல்லிய தோல், கணுக்காலோடு நின்றுவிடும், போட்டதே தெரியாது. மற்றது கெட்டித் தோல், குதிக்கு மேலே பின்னங்கால் நரம்பை மறைத்துக்கொண்டு ஒரு விறைத்த மடல் எழும்பி நிற்கும். "பலகைக்குள்ள காலை விட்ட மாதிரிக் கிடக்கு, எனக்கு மற்றதைத் தா" என்றார். தர மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்ததில் கரேல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிரையன் கெட்டித் தோலையே வாங்கிக்கொண்டு போனார், கதவை அறைந்து சாத்திவிட்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்து, சொக்ஸைக் கழற்றிக் கொப்புளங்களை எனக்கு எண்ணிக் காட்டினார். சனிக்கிழமையே எனக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்றாம் ஞாயிறு, ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு காலில் ஸ்கேட்ஸும் மறுகாலில் வெறும் சொக்ஸுமாகக் கடைக்குள் வந்தார். கழற்றிய ஸ்கேட்ஸைக் கவுண்டரில் வைத்தார். இன்றைக்கு முகத்தில் எறியப்போகிறார் என்று நான் பின்னுக்கு நகர்ந்தேன். அவர் அதைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்து மடல் பூசணிக்காய் வெட்டியதுபோல் பிளந்திருந்தது. எதிராளி ஒருவன் விழும்போது அவனுடைய கத்தி குறுக்கே இழுத்ததாம். பிளவுக்குள் என் விரலை விட்டேன். பாதிவரை போய் உள்துணியில் முட்டி நின்றது. அந்தத் துணிக்கு அங்கால் அவருடைய நரம்பு. போட்டதே தெரியாத அந்த மற்றச் சோடியை நான் கொடுத்திருந்தால் என்று நினைத்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்தார் பிரையன். அவருடைய முகத்திலும் இரத்தமில்லை. "இதே அளவு, இதே விறைப்பு. இன்னொரு சோடி தா. இந்த முறை நான் வாயே திறக்க மாட்டன்."

மூன்று சோடி

ஒரு புதன்கிழமை மத்தியானம், றிங்கில் ஈ காக்கை இல்லாத நேரம், நாற்பது வயதுப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்து மூன்று சோடியை வரிசையாக வைக்கச் சொன்னார். இவரைப்போல் ஸ்கேட்ஸை ஆராய்ந்தவரை நான் கண்டதில்லை. முதலாவது மெல்லிய தோல். பழகின கையுறை மாதிரி இதமாக இருக்கிறது, ஆனால் கணுக்காலைப் பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகிறது என்றார். இரண்டாவது இரட்டைத் தோல். அமத்தினால் போகவில்லை, ஆனால் ஸ்கேட்ஸின் முன்பக்கத்து நாக்குத் தோலுக்குக் கீழே லேஸ் கடிக்கிறது. மூன்றாவது அப்போதுதான் புதிதாக வந்திருந்த வார்ப்புப் பிளாஸ்டிக். குதியைப் பிடித்த பிடி விடவில்லை, ஆனால் வாளிக்குள் காலை வைத்ததுபோல் குளிர்கிறது, வளைகிறதில்லை. றப்பர் விரிப்பில் மூன்று அடி நடப்பார், திரும்பி வந்து கதிரையில் உட்காருவார், அடுத்ததைக் கட்டச் சொல்வார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது.

கடைசியில், "ஐஸில ஒரு நிமிசம் நிண்டு பாருங்கோ, அப்ப தெரியும்" என்றேன். அவருடைய முகம் அப்படியே வெளிறியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஐஸில்தான் அவருக்குக் கணுக்கால் முறிந்ததாம். வலி பிறகுதான் வந்தது, முதலில் வந்தது சத்தம் என்றார். அதற்குப் பிறகு ஐஸில் கால் வைக்கவில்லை. அவர் ஏறி இறங்குகிற நாலாவது கடை இதுவாம்.  "நானும் இண்டுவரைக்கும் ஐஸில ஏறினதில்லை, பயம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. லேஸை ஒவ்வொரு துளையாகக் கழற்றி, மூன்று சோடியையும் பழையபடி பெட்டிக்குள் அழகாக வைத்துவிட்டு எழும்பினார். "மூண்டும் சரியாத்தான் இருக்கு, மிஸஸ். நான்தான் இன்னும் சரியாகேல்லை."

ஐஸில் நான்

நான் ஐஸில் ஏறியதில்லை என்றது உள்ளறையில் நின்ற கரேலின் காதில் விழுந்துவிட்டது. அடுத்த நாள் காலை, றிங்கைச் சனங்களுக்குத் திறக்குமுன், என் அளவில் ஒரு சோடியைக் கொண்டுவந்து வைத்தார். "எப்பிடி இருக்கும் எண்டு கேக்கிறவைக்கு நீ என்ர வசனத்தைத்தான் சொல்லுறாய். இண்டைக்கு உன்ர காலால தெரிஞ்சுகொள்" என்று சொல்லி, தானே குந்தியிருந்து லேஸ் கட்டினார். நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. கணவரையும் பிள்ளைப்பேற்று டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கரேல் வேலையால் நிறுத்திவிடுவார் என்ற பயம். ஒவ்வொரு துளையில் லேஸ் ஏறும்போதும் இப்போது சொல்லுவோம், இப்போது சொல்லுவோம் என்று நினைத்தேன். கடைசித் துளையும் முடிந்துவிட்டது.

கரேல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சறுக்கினார். கணுக்காலைச் சுற்றி அந்த விறைப்பு இரும்புப் பிடியாய்ப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே நிலம் என்று ஒன்று இல்லை. மூன்றாவது அடியில் கத்தி முன்னுக்கு ஓடியது, உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. என் இரண்டு கையும் அவருடைய பிடியை உதறிவிட்டுத் தாமாகவே வயிற்றுக்குப் போயின. "ஐயோ, பிள்ளை!" என்று கத்தினேன். தலை ஐஸில் படுமுன் அவர் என் கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கிவிட்டார். தமிழ் விளங்காவிட்டாலும் என் கை எங்கே இருந்தது என்று பார்த்தார். பல் மூன்றைப் பறிகொடுத்தும் ஆட்டத்தை விடாத மனிதர்தான்; ஆனாலும் என்னை விட்டுவிட்டுப் போய் யாரையும் கூப்பிடவும் அவருக்குத் துணிவில்லை. தன் கோட்டைக் கழற்றி ஐஸில் விரித்து, அதன்மேல் என்னை மெல்ல இருத்தி, கோட்டின் கை இரண்டையும் பிடித்து வாசல்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்.

வேலை போகவில்லை. எட்டாம் மாதம்வரை, கால் பிடிக்கிற வேலையை அவரே பார்த்துக்கொண்டு, என்னை உயரமான கதிரையில் இருத்தி வைத்தார். மகளும் சுகமாகப் பிறந்தாள். அன்றைக்கு என்னைக் கரைசேர்த்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்தபடி கரேல் சொன்னது இதுதான்: "முப்பது வருசமா ஐஸில நிக்கிறன். கால் நடுங்கினது இண்டைக்குத்தான்."

இறுக்கமான ஸ்கேட்ஸ் கடைக்குள்ளேயே அழவைக்கும், தொளதொளத்தது ஐஸில் கொண்டுபோய் அழவைக்கும், இரண்டையும் விற்கிறவளுக்கோ இரண்டு இடத்திலும் வயிற்றைக் கலக்கும் என்பதுதான் அந்தத் தொழிலில் நான் கற்றுத் தேறிய ஒரே பாடம்.