மாப்பிள்ளைக்கு ஒரு படகு

முழங்கால் அக்காவிடம் படகு வாங்குவது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம். கையில் பணத்தோடு வந்தவனையும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் ஏறி நிற்கச் சொல்வாள். பக்கச் சுவர் அவன் முழங்காலுக்கு மேலே வருகிறதா, கீழேயே நின்றுவிடுகிறதா என்று குனிந்து பார்ப்பாள். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. எங்கே ஓட்டப் போகிறாய், கூட யார் வருவார்கள், அவர்களுக்கு நீச்சல் தெரியுமா? பதில் பிடிக்காவிட்டால், "உனக்கு இது சரிப்படாது தம்பி, வேற பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவளை வேலையைவிட்டு அனுப்ப மாட்டார். படகு கழுவ வந்தவள் படகு விற்பவளாக ஆன இத்தனை காலத்தில், அவள் கொடுத்த படகு ஒன்றுகூட ஆளில்லாமல் கரை ஒதுங்கியதில்லை. கடைக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

அப்பேர்ப்பட்டவள் அன்று காலை வாயடைத்து நின்றாள். வந்திருந்தவர் மாப்பிள்ளை. அவர் பின்னாலேயே மகள்.

அவளுக்கு ஒரே மகள். கொஞ்ச காலமாக மகளுக்குப் போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "குளிக்கிறா அத்தை", "இப்பத்தான் தூங்கினா அத்தை". ஒரு மனுஷி நாள் முழுக்கவா குளிப்பாள்? ஆனால் ஏதாவது கேட்கப் போய் அது மகள் தலையில் விடிந்தால்? அந்தப் பயத்தில்தான் பேசாமல் இருந்தாள்.

மாப்பிள்ளை நல்ல கலகலப்பானவர். பெயிண்ட் வாடை அடிக்கும் அந்தக் கொட்டகையில், டிரெய்லர் வண்டிகள் மேல் வரிசையாக நின்ற படகுகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார். சுவர் உயர்ந்த படகைக் காட்டி, "இதென்ன அத்தை, தண்ணித் தொட்டியா? இதுக்குள்ள நின்னு தூண்டில் வீசினா தோள்பட்டை கழண்டுடும்" என்றார். அடுத்ததற்கு சோப்பு டப்பா என்று பெயர் வைத்தார். கடைசியில் வெள்ளைப் படகு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார்.

பே போட் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லும் வகை அது. விரிகுடாவுக்குள் மீன் பிடிப்பதற்கென்றே செய்தது. அடிப்பாகம் ஆழமில்லாததால் கரையோரத்துக் கொஞ்சத் தண்ணீரிலும் ஓடும். நின்று தூண்டில் வீச முன்பக்கம் அகலமான மேடை. பக்கச் சுவர் தாழ்வு. குடாவுக்குள் அது தங்கம். முகத்துவாரத்தைத் தாண்டினால் அலை கேட்காமலே உள்ளே ஏறிவிடும்.

"குடாவுக்குள்ள ஓட்டத்தானே மாப்பிள்ளை?"

"பின்ன? பெருங்கடலுக்கா போகப் போறேன்!"

அவர் தோள்பையிலிருந்து எட்டிப் பார்த்த தூண்டில் கயிறோ மொத்தமானது. கொக்கிகள் விரல் நீளம். அந்தக் கொக்கியைக் கடிக்கும் மீன் குடாவுக்குள் கிடையாது. வேறு யாராவது இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பாள். மாப்பிள்ளை காதைத் திருக முடியுமா? படகில் ஏறி நில்லுங்கள் என்றுகூட அவள் சொல்லவில்லை. மற்றக் கேள்விகளையும் விழுங்கிவிட்டாள்.

"நீ ஏறு. உன் இடம் எதுன்னு பாத்துக்கோ" என்று அவரே மனைவியைப் படகில் ஏற்றிவிட்டார். மகள் முன்மேடையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கம்பிகூட இல்லை. படகுக் கடையிலேயே வளர்ந்தாலும் தண்ணீர் என்றால் அவளுக்கு நடுக்கம்.

"இவளுமா வர்றா?"

"எங்க போனாலும் கூட்டிட்டுத்தான் போவேன் அத்தை. வீட்ல தனியா விட்டுட்டுப் போனா எனக்கு மனசே கேக்காது."

கேட்பவர்களுக்கு எவ்வளவு அன்பான பேச்சு! அவளுக்கு மட்டும் அந்தப் போன் பதில்கள் ஞாபகம் வந்தன.

அப்புறம் சாமான்கள் எடுத்தார். நங்கூரம், கயிறு, இருப்பதிலேயே பெரிய ஐஸ் பெட்டி. விலையைக் கேட்கவே இல்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்த இடத்தில் நின்று, தன் அளவுக்கு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

"இன்னொண்ணும் எடுங்க மாப்பிள்ளை."

"ஒண்ணு போதும் அத்தை."

"இவளுக்கு?"

"இவ எங்க விழப் போறா? சொன்ன இடத்துல ஆடாம அசையாம உட்காந்திருப்பா. நல்லாப் பழகிட்டா."

பழகிவிட்டாளாம். எதற்கு, எப்படி? நேரே படகுக்குப் போய்க் கையை நீட்டினாள். "இறங்குடி. அம்மாகூட வீட்டுக்கு வா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்."

மகள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டே சிரித்தார். "இறங்கேன். அம்மா ஆசையாக் கூப்பிடுறாங்கல்ல?"

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மகளுக்குத்தான் தெரியும். இறங்கவில்லை. "இருக்கட்டும்மா. எனக்கு இங்கேயே நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, மகளை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி, அப்ப நானும் இறங்கல. எப்படி எடுத்துட்டுப் போறீங்கன்னு பாக்குறேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.