மேஸ்திரி தன் பெண்சாதியை மட்டும் கூப்பிட்ட நாள்

மணலூர்பேட்டைப் பக்கத்தில் இருசப்பன் தனியாக நடந்து போய் ஒருத்தரும் பார்த்தது கிடையாது. கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி அவன். முன்னால் அவன் போவான், பின்னால் கத்தியும் சோத்துத் தூக்குமாக இருபத்திரண்டு பேர் போவார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட நாலு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அவன் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் வந்தீங்க என்று அவன் கேட்டதில்லை. எதுக்கு வந்தோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

பொண்ணு பார்க்கப் போனபோதும் ஒரு லாரி ஆள். காப்பித் தட்டோடு வெளியே வந்த கொளஞ்சியம்மாள், இந்தக் கும்பலில் மாப்பிள்ளை எவன் என்று தெரியாமல் மூணாவதாக உட்கார்ந்திருந்தவனைக் கும்பிட்டாள். அந்த மூணாவது ஆள் டிராக்டர் ஓட்டுகிற பிச்சைமுத்து. இருபத்திநாலு வருஷம் ஆகியும் அவன் அந்தக் கும்பிட்டைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

கட்டிக்கொண்டு வந்த மறு வாரமே கொளஞ்சி கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டான் இருசப்பன். கரும்பு எங்கே வெட்டோ, அந்த வரப்போரம் மூணு கல், ஒரு அண்டா, இருபத்திரண்டு பேருக்குச் சோறு. ஒருத்தனுக்குக் காரம் ஜாஸ்தி, ஒருத்தனுக்கு உப்பு கம்மி. புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று நிமிர்ந்தால், நடுவில் நாலு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பிழைப்பை அவள் இருபத்திநாலு வருஷம் பிழைத்தாள் என்றால் அது அவளுடைய பொறுமை, வேறு யார் சாமர்த்தியமும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வேலைக்குப் போகிற மகள் அருள்மொழி வூட்டுக்கு வந்தாள். கடை முழுக்கச் சிவப்புப் பலூன் கட்டச் சொல்லிவிட்டார்கள், வருகிற பதினாலாந்தேதி லவ்வர்ஸ் டே என்றாள்.

“அன்னிக்கி இன்னா பண்ணுவாங்க?” என்று கேட்டாள் கொளஞ்சி.

“ரெண்டு பேரும் எங்கனா போவாங்கம்மா. துன்னுவாங்க, பேசிக்கினு இருப்பாங்க.”

“கூட யாரு யாரு போவாங்க?”

“கூட யாரும் போவக் கூடாதும்மா. அதான் விசேஷமே.”

கொளஞ்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நேராகப் புருஷனிடம் போய் நின்றாள். “எனக்குச் சேலை வாணாம், நகை வாணாம். ஒரு நாளு. நீயும் நானும். மூணாவதா ஒரு ஈ காக்கா வரக் கூடாது. உன்னால ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு. கரண்டிய உன் ஆளுங்க கையில குடுத்துட்டு நான் திருநாவலூருக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்.”

கோபத்தில் கத்தியிருந்தால் இருசப்பன் பயந்திருக்க மாட்டான். அவள் அரிசி விலை சொல்வதுபோல் சொன்னாள். ஆளுங்க போனால் வேறு ஆள் பிடிக்கலாம். இவள் போனால் எங்கே போய்ப் பிடிப்பது?

சரி, கரியாலூர் மலைக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. ஆனால் ரெண்டு பேருக்கு ஏற்பாடு செய்து அவனுக்குப் பழக்கம் ஏது? மகளை உட்கார வைத்து லிஸ்டு எழுதச் சொன்னான். தார்ப்பாய் ஒன்று, கயிறு ரெண்டு சுருள், தண்ணி டிரம் ரெண்டு. ரோஜாப்பூ குடுக்கணுமாமே, ஒரு மூட்டை போதுமா என்று கேட்டான். அருள்மொழி எல்லாவற்றையும் அடித்தாள். கடைசியில் லிஸ்டில் மிஞ்சியது ஒரு மொபெட், ஒரு ரோஜா, ரெண்டு ஆள். இவ்வளவுதானா என்று அவனுக்கு ஒரே கவலை.

பதிமூணாந்தேதி சாயங்காலம் தன் வெட்டாள் செட்டைக் கூட்டி, “நாளைக்கு வெட்டு இல்ல. அவங்கவங்க வூட்ல இருங்க” என்றான். ஏன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? நாப்பத்தெட்டு வயசு மேஸ்திரி, லவ்வர்ஸ் டேக்குப் போறேன் என்று சொன்னால் கரும்புகூடச் சிரிக்கும்.

அங்கேதான் கெட்டது கதை. வெட்டு உச்சத்தில் இருக்கிற மாசி மாசத்தில் எந்த மேஸ்திரியும் லீவு விட மாட்டான். விட்டான் என்றால் அவன் வேறு எங்கேயோ நல்ல கூலிக்கு வேலை பிடித்திருக்கிறான், பழைய செட்டைக் கழட்டிவிடப் பார்க்கிறான் என்று அர்த்தம். இது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

“கரியாலூருக்கு வழி கேட்டுக்கினு இருந்தாரு. மலையில இப்ப மரவள்ளிக் கெழங்கு புடுங்குற நேரம்” என்றான் பிச்சைமுத்து.

“சோறாக்குற பொம்பளயயும் கூட்டிக்கினு போறாராம்” என்றாள் கூடவே வெட்டுக்குப் போகிற அவன் பெண்சாதி ஜெயம்மாள். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்க மாட்டார்கள். மேஸ்திரி வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆள் வாயைத் திறந்து வேலை கேட்டால், அந்த வேலை கலைந்துபோகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் வாயை மூடிக்கொண்டு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பேசி வைத்தார்கள்.

விடிந்தும் விடியாததுமாக மொபெட் கிளம்பியது. கொளஞ்சி கத்திரிப்பூ கலர் சேலை கட்டியிருந்தாள். ரெண்டு அடுக்கு டிபன் பாக்ஸ் மடியில். இருபத்திநாலு வருஷத்தில் அவள் ஆக்கிய சின்னச் சோறு அதுதான். தியாகதுருகம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அங்கே இருசப்பன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் குட்டியானை. அதில் தலைதலையாக அவனுடைய இருபத்திரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

முறுக்கினான். அவர்களும் முறுக்கினார்கள். சந்தில் திருப்பினான். அவர்களும் திரும்பினார்கள். பாரு, நம்மள உதறிட்டுப் போவப் பாக்கறாரு என்று அவர்களுக்கு இன்னும் வேகம் ஏறிவிட்டது.

கச்சிராயபாளையத்தில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினான். அவர்களும் இறங்கினார்கள். அவன் வானத்தைப் பார்த்தான், அவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள். அந்த இக்கட்டில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் கை தூக்கி, “எல்லாருக்கும் டீ குடு” என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டான்.

ஐயோ பாவி. மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தால் ஆளை வேலைக்கு எடுத்தாயிற்று என்று அர்த்தம். இருபத்திரண்டு முகமும் மலர்ந்தன. கொளஞ்சி முகம் மட்டும் அடுப்புக் கல்லாக இறுகியது. அவள் டீயைத் தொடவில்லை.

“நான் கூப்புடல கொளஞ்சி” என்றான் மெதுவாக.

“ஓட்டு வண்டிய” என்றாள் அவள்.

மலை அடிவாரத்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் காக்கிச் சட்டை போட்ட தமிழ்வேந்தன் என்கிற இளவட்டம் கையைக் காட்டி நிறுத்தினான். மொபெட்டை விட்டான். குட்டியானையை எட்டிப் பார்த்தான். இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு வெட்டுக் கத்தி, இருபத்திரண்டு காலித் தூக்கு.

“காட்டுக்குள்ள எதுக்குடா இத்தினி கத்தி? யாரு உங்களக் கூட்டிக்கினு வந்தது?”

இருபத்திரண்டு விரலும் மொபெட்டைக் காட்டின.

“யோவ், இறங்கு. இன்னா வேலைக்கு வந்தீங்க?”

“வேலையே இல்லைங்க” என்றான் இருசப்பன்.

“வேலை இல்லாம கத்தி எதுக்கு? மரம் வெட்டவா? உண்மையச் சொல்லு. இல்லன்னா ஆபீசருக்குப் போன் போடுவேன்.”

இருசப்பன் தொண்டையைச் செருமினான். “சார், இன்னிக்கி பிப்ரவரி பதினாலு. லவ்வர்ஸ் டே. அதுக்கு வந்தோம்.”

தமிழ்வேந்தன் குட்டியானையையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். “இருபத்திநாலு பேருமா?” என்று கேட்டு, நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு கொளஞ்சியிடம் திரும்பினான். “நீங்க சொல்லுங்கம்மா. இந்தாளு சொல்றது நெசமா?”

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரம் வெட்ட வந்த கேஸில் மேஸ்திரி உள்ளே, கரண்டி கீழே, அவள் திருநாவலூர் பஸ்ஸில். கொளஞ்சி அவசரப்படவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“யோவ். இவங்கள நீ கூப்டியா? எல்லாருக்கும் முன்னால சொல்லு.”

“சத்தியமாக் கூப்புடல. உன்ன மட்டுந்தான் கூப்ட்டேன்.” என்றான் அவன். “நீ போயிடுவியோன்னு பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு நாளாவது உங்கூட தனியா இருக்கணும்னு எனக்குந்தான் ஆசை. எப்பிடின்னுதான் தெரியல. இந்த மூஞ்சிங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?”

யாரும் சிரிக்கவில்லை. குட்டியானை மேலிருந்து ஜெயம்மாள் மட்டும் கேட்டாள்.

“அப்ப கெழங்கு இல்லியா மேஸ்திரி?”

“கெழங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“நெசந்தாங்க சார்” என்றாள் கொளஞ்சி. “என்னத்தான் கூட்டிக்கினு வந்தாரு.”

தமிழ்வேந்தன் நோட்டை மூடினான். கத்தியோடு ஒருத்தரும் மேலே போகக் கூடாது, நீங்க ரெண்டு பேரும் போங்க, மேஸ்திரி திரும்பி வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்த இருபத்திரண்டு பேரையும் விடுவேன் என்றான். செக்போஸ்ட் ஓரத்தில் அவர்களை வரிசையாக உட்கார வைத்தான். மலைக்குப் போகிற ஜோடிகள் எல்லாம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போயின.

கரியாலூர் தாண்டி அருவியில் சிறுசாகத்தான் தண்ணி விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாறையில் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இருசப்பன் சட்டைப் பையில் நசுங்கிப்போயிருந்த ரோஜாவை எடுத்துக் கொடுத்தான். கொளஞ்சி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் தன் முட்டிவலியைச் சொன்னாள். மூணு வருஷமாக இருக்கிறதாம். அவன் அதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். இன்னும் இன்னா இன்னா இருக்குது சொல்லு என்றான். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், செத்துப்போன அம்மாவைப் பற்றி, தங்காமல் போன ரெண்டாவது குழந்தையைப் பற்றி. சொல்லச் சொல்லக் கண்ணைத் துடைத்தாள். அவனும் துடைத்தான். டிபன் பாக்ஸ் காலியாயிற்று.

வெயில் உச்சிக்கு ஏறியதும் கொளஞ்சி திடுக்கிட்டு எழுந்தாள். “மணி இன்னா ஆவுது? அதுங்க காலீலேர்ந்து பட்டினி. எழுந்திரு, போயி ஒரு ஒலை வெச்சி எறக்கிட்டாக்கூட ஆவும்.”

இருசப்பன் எழுந்திருக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

“செக்போஸ்ட்டாண்ட போண்டாக் கடை கீது. இன்னிக்கி ஒரு நாளு போண்டா துன்னட்டும். அம்மாவப் பத்திச் சொல்லிக்கினு இருந்தியே, அப்பறம் இன்னா ஆச்சி? உக்காந்து சொல்லு.”