ராக்கப்பன் வீட்டுக் கூரைப் புகை

சந்தனம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் புருஷன் ராக்கப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். அந்த மகராசி கதையில் அவனுக்கு ஒரு மூலைகூடக் கொடுக்கக் கூடாது. என்ன செய்ய, அக்காக்காரி எனக்குத் தம்பியாகப் பிறந்து தொலைத்துவிட்டான். அடுத்த வீட்டிலேயே குடியும் இருந்தான்.

எங்கள் கெங்குவார்பட்டியில் அப்போது ஒரு கிறுக்கு உண்டு. விடிந்ததும் ஆம்பளைகள் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, எந்த வீட்டுக் கூரையில் எவ்வளவு புகை போகிறது என்று பார்ப்பார்கள். கொழுத்த புகை போனால் சோறு பொங்குகிற வீடு. மெலிந்த புகை என்றால் கஞ்சிக்கே வழியில்லாத வீடு. புகையே இல்லையென்றால் எழவு வீடு. பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. புகையைப் பார்த்து ஒருத்தனை ஒருத்தன் மதிப்பான், பெண் கொடுப்பான், பெண் எடுப்பான். உள்ளே கண் அவிந்து இருமிக்கொண்டிருக்கிற பொம்பளையை எவன் பார்த்தான்? தூ!

இந்தக் கிறுக்கு முற்றிப் போனவன் என் தம்பி. ஊதுகுழலை ஓங்கி, "இன்னும் ரெண்டு கட்டையை வை" என்று அவன் கத்துவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அடுப்பில் ஒரு சட்டி ரசம்தான் இருக்கும்.

சந்தனம்மாள் தேவதானப்பட்டிக்காரி. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தை ஒட்டி அவள் அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. நிலத்தை மகன்களுக்கு வைத்துக்கொண்டு, வரப்போரத்துப் புளியமரத்தை மட்டும் மகளுக்குச் சீர் என்று சபையில் சொல்லிக் கொடுத்தார். பழம் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து அவளே விற்பாள். அந்த வீட்டில் புருஷன் முகத்தைப் பார்க்காமல் அவள் செலவழித்த காசு அந்தப் புளிக்காசு ஒன்றுதான். மகள் பவுனுக்குக் காதில் கிடந்த தோடும் அதில் வந்தது.

பிறகு சண்டைக் காலம் வந்தது. ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் எங்கேயோ அடித்துக்கொண்டார்கள், இங்கே விளக்குக்குச் சீமெண்ணெய் இல்லை. கார்டுக்கு அளந்து ஊற்றினார்கள். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. அந்தக் கரிக்கென்று காட்டு விறகெல்லாம் கரிமூட்டம் போடப் போனது. மலையடிவாரத்தில் ஒரு சுள்ளி பொறுக்கினால் பாரஸ்ட்டுக்காரன் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான். விறகு குறையக் குறைய என் தம்பியின் கண் புளியமரத்தின் மேல் போனது. மழைக்கு முன்னால் கோடாலியும் கையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வருவான், கசாப்புக்காரன் கிடாயைத் தடவிப் பார்ப்பதுபோல.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வீட்டில் விறகு இருக்கும்வரை மரத்துக்குக் கோடாலி வராது என்று மட்டும் கண்டுகொண்டாள்.

முதலில் அடுப்பை இடித்தாள். எங்கள் ஊர் அடுப்புக்கு வாய் என்ன வாய், குட்டி போட்ட நாயே உள்ளே படுத்துக்கொள்ளலாம். மகளையும் கூட வைத்துக்கொண்டு, புற்றுமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, குறுகலான வாயோடு புதிதாகப் போட்டாள். பானையைக் கவிழ்த்து அளவு பார்த்து, தீ வெளியே நக்காதபடி விளிம்பைப் பானையின் அடிக்குப் பொருத்தினாள். உள்ளே மிஞ்சுகிற தீ பின்னால் இருக்கிற கொடியடுப்புக்கு ஓடும். முன்னால் சோறு, பின்னால் குழம்பு, எரிவது ஒரு தீ. விறகைத் தடியாக வைக்கவே மாட்டாள். விரல் கனத்துக்குப் பிளந்து, சமைத்து முடித்த அடுப்பின் சூட்டிலேயே மறுநாளைக்குக் காயவைப்பாள். காய்ந்த பருத்திச்செடி மாரும் கடலைத்தொலியும் தீர்ந்த பிறகுதான் விறகுக்கட்டைத் தொடுவாள். மொச்சையோ தட்டாம்பயறோ, முதல்நாளே ஊறாமல் அடுப்பேறாது. பானைக்கு மூடி, மூடிமேல் ஒரு கிண்ணம் தண்ணீர். அந்த வெந்நீர் பாத்திரம் கழுவ.

சோறு பாதி வெந்ததும் கஞ்சியோடு பானையை இறக்கி, வைக்கோல் திணித்த கூடையில் வைத்து, கிழிந்த கம்பளியால் மூடிவிடுவாள். அது பாட்டுக்கு உள்ளே வெந்து, கஞ்சியையும் குடித்துவிட்டிருக்கும். இதைப் பார்த்துத் தெருப் பொம்பளைகள், சந்தனம் சோற்றை அடைகாக்கிறாள் என்று சிரித்தார்கள். சிரித்தவளுக்கெல்லாம் கண் புளிச்சை கட்டி, இமை ஒட்டிக் கிடந்தது. அதைச் சொன்னால் கோபம் வரும். சமையல் முடிந்த கையோடு கட்டையை இழுத்து மணலில் புதைப்பாள், கரி மிஞ்சும். விளக்குக் கண்ணாடியைத் தினமும் சாம்பல் போட்டுத் துடைத்துத் திரியைத் தாழ்த்துவாள். பொழுது மசங்குமுன் சாப்பாடு முடிந்துவிடும். நானும் அவளிடம் சொல்லி ஓர் அடுப்புப் போட்டுக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக வடிந்த கண்ணீர் எனக்கு நின்றது.

ஆடிச்சாரல் முடிந்தும் விறகுக்கட்டு குறையவில்லை. புளி பூத்துப் பிஞ்சு பிடித்தது. ஆனால் கூரையில் புகை இல்லை. டீக்கடையில் பிச்சைமணி என்கிற வெட்டிப்பயல், "என்ன ராக்கப்பா, வீட்டுல எதுவும் எழவா?" என்று கேட்டுவிட்டானாம். அதைக் கேட்டு வந்த என் தம்பி கூடையை எட்டி உதைத்தான். வெந்த சோறு வாசல்வரைக்கும் சிதறியது. சந்தனம் குனிந்து பொறுக்கினாள்.

அந்தச் சமயத்தில் பழனிசெட்டிபட்டியிலிருந்து பவுனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரியம்மாள், நல்ல வசதி. பெண் பார்த்துப் போனார்கள். ஆவணியில் ஒரு நாள் குறித்து, கை நனைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். ராக்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பெரிய இடத்துக்காரர்கள் நம் வாசலை ஏன் மிதித்தார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தன் கௌரவத்துக்கு வந்தார்கள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

விருந்துக்கு முந்தின நாள் சந்தனம்மாள் அண்ணன்மாரை அழைக்கத் தேவதானப்பட்டிக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் இவன் ஆள் கூட்டி வந்து மரத்தைச் சாய்த்தான். கடப்பாரையால் அடுப்பையும் இடித்துத் தள்ளினான். சத்தம் கேட்டு ஓடினேன். வேர்வை வழிய இளித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, சம்மந்தகாரக வாரப்ப நம்ம வீட்டுப் பொகை ஊர் எல்லையிலேயே தெரியணும்ல?"

பச்சைப் புளி எரியுமா, அது பொண்டாட்டியின் சீரல்லவா, நீ சோறுதான் தின்கிறாயா என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். எருமைமாட்டின் மேல் மழை பெய்தது.

சாயங்காலம் சந்தனம் வந்தாள். கிடந்த மரத்தைப் பார்த்தாள். கிளைகளுக்குள் நுழைந்து புளியம்பிஞ்சுகளை மடியில் பறித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஊறுகாய்க்குக்கூட ஆகாத பிஞ்சு.

மறுநாள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. இருந்த காய்ந்த விறகை எரிக்கக் கூடாது என்று அவன் எடுத்து ஒளித்துவிட்டான், அதில் புகை வராதாம். பச்சைக்கட்டை நுனியில் நுரை தள்ளிச் சீறியது. புகை என்றால் அப்படிப் புகை. பவுனு ஊதி ஊதி மயங்கி உட்கார்ந்தாள். சந்தனம் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனாள். என் தம்பியோ வெள்ளை வேட்டி கட்டி, தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் இலையில் உட்கார்ந்தார்கள். சோறு வேகாத நறுக்கரிசி, குழம்பில் புகைநாற்றம். கஸ்தூரியம்மாள் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனாள். ராக்கப்பன் பதறிப் பின்னால் ஓடினான்.

"அந்த அடுப்பு எங்கன?" என்றாள் அவள்.

எந்த அடுப்பு என்று விழித்தான்.

"ஒங்க மக அவ சித்திக்குப் பிள்ளைப்பேறு பாக்க எங்க ஊருக்கு வந்தப்ப, ஒரு அடுப்புப் போட்டுக் குடுத்துச்சு. எங்களுக்குப் பக்கத்து வீடுதான். எங்க ஊர்ல வெறகு காசுக்குத்தான். அந்த வீட்டுல பாதி வெறகு மிஞ்சுது, ஒருத்திக்கும் கண்ணு எரியல. அதப் பாத்துத்தான ஒங்க வாசல்ல வந்து நிக்கிறோம். வேற என்னத்தக் கண்டோம்?"

அந்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருமலுக்கு நடுவில் கையை நீட்டி, இவள்தான் இடித்தாள் என்று பெண்டாட்டியைக் காட்டினான், அந்த ஈனப்பயல். நான் விடவில்லை.

"ஏலே, வாய் அழுகிப் போகும்டா. கடப்பாரை எடுத்தது நீ. மரத்தச் சாச்சதும் நீ."

கஸ்தூரியம்மாள் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெட்டின அடிமரமும் வாடின பிஞ்சும் கிடந்தன. திரும்பி வந்து ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்து, அதிலேயே கையை நனைத்துக்கொண்டாள். பெண் வேண்டும், இந்த வீட்டுச் சோறு வேண்டாம், கல்யாணம் எங்கள் ஊரில், அடுப்புப் போட ஆத்தாக்காரியும் கூட வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணம் முடிந்து மகள் வீட்டுக்கு அடுப்புப் போடப் போன சந்தனம்மாள் திரும்பி வரவில்லை. அதே ஊரில் தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டாள். தெருவில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள், போட்டுக் கொடுத்தாள். புருஷனை விட்டுப் போனவள் என்று எங்கள் ஊரில் அவளைத்தான் பேசினார்கள். புகை தின்று வளர்ந்த நாக்கு வேறென்ன பேசும்? இங்கே என் தம்பி அந்தப் புளியங்கட்டையை வைத்துத் தானே கஞ்சி காய்ச்சினான். கஞ்சி தீய்ந்தது. கூரையில் மட்டும் தினமும் ஊர் மெச்சுகிற புகை.

தை பிறந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அவளைக் கூப்பிடப் போனான். அவள் ஒரு வீட்டு வாசலில் புற்றுமண் மிதித்துக்கொண்டிருந்தாள். கண் தெளிந்திருந்தது. ஊர் சிரிக்கிறது, வீட்டுக்கு வா என்றான். அவள் காலை எடுக்காமலே சொன்னாள்:

"நம்ம கூரையில தெனமும் நல்லாப் பொகை போகுதுன்னு ஊரே சொல்லுதாமே. பெறகென்ன? போயி அதத் தின்னுங்க."

தனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்வதுபோல அவன் என்னைப் பார்த்தான். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தனத்துக்கு மிதிக்கப் புற்றுமண் அள்ளிப் போட்டேன்.