வேனுக்குப் பின்னால் ஒரு கார்

அந்த வெல்டரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். தேர்வாய் கண்டிகைச் சாலையில் என் வண்டி பஞ்சரானபோது, அவருடைய வேனின் நிழலில்தான் ஒதுங்கினேன். புருவம் கருகிய, உயரமான மனிதர். பழைய வேனையே வீடாக்கிக்கொண்டு, வேலை கிடைக்கும் ஆலைப் பக்கமெல்லாம் மனைவியோடு போய்த் தங்குபவர். வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த ஹைபிரிட் காரிலிருந்து ஓர் ஒயர் உள்ளே போனது. அந்த பேட்டரியில்தான் வேனுக்குள் ஃபேனும் விளக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கார் இன்ஜின் தானாக உறுமியது. திடுக்கிட்டேன்.

“சார்ஜ் எறங்குனா அதுவே ஓடி ஏத்திக்கும் சார்.”

சொல்லிவிட்டு, காலியாக இருந்த டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போதெல்லாம் அப்படிப் பார்த்தார்.

வேனுக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்: “புள்ள வந்துட்டானா?”

“வண்டிய நிறுத்திக்கினு கீறான்மே, நீ படு.”

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “அவன் காரு சார் இது. பையன் போய் சேந்துட்டான். சொன்னா அழுவுறா, அப்புறம் மறந்துடுறா. மறுபடியும் புச்சா சொல்லணும். அதான் சொல்றதையே வுட்டுட்டேன்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வேன் கூரையில் சோலார் போட்டால் இந்தக் காரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாமே என்றேன்.

“சோலாருல இன்ஜின் சத்தம் வராதே சார்” என்றார்.