பத்து வாக்கியமும் ஒரு தம்பியும்

மலேசியாவில், ஈப்போ நகரில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். என்னிடம் படித்தவர்களில், முன்பு பீடோர் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த ஒரு அக்காவும் உண்டு. ஹோட்டல் வேலைக்கு மனு போட்டிருந்தார். இண்டர்வியூ ஆங்கிலத்தில்.

அன்றைய பாடம், 'லுக்' என்றால் பார்ப்பது, 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது என்கிற மாதிரியான சொற்கள். வீட்டில் அன்றாடம் நடப்பதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.

அக்கா எழுதிய பத்திலும் தம்பி. தம்பியை எழுப்புகிறேன், தம்பியைத் தூக்குகிறேன், தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டு, "என்னக்கா, தம்பிய விட்டா வேற ஆளே கெடைக்கலையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"மாத்தி எழுதிக் கொண்டு வாரேன், டீச்சர்."

அடுத்த வாரம் கொண்டுவந்தார். தம்பி இருந்த இடத்தில் எல்லாம் அலி, மேரி, ஜான்.

"இவங்கள்லாம் யாருக்கா?"

"யாருன்னு தெரியல, டீச்சர். புஸ்தகத்துல இருந்தாங்க. எங்க வீட்டுல நானும் தம்பியும் மட்டும்தான் லா. அவனுக்கு நடக்க முடியாது. வேற ஆளுக்கு நான் எங்க போறது?"

கோபமே இல்லாமல்தான் சொன்னார். தாளைப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. போன வாரத்துத் தாளைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தேன்.

இத்தனை வருடத்தில் நான் போட்ட மார்க்குகளில், நினைத்தால் வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான்.